ஹெட்லைட் போட்டால் வைப்பர் ஓடும்

எங்கள் பழைய ஜீப்புக்குப் பைத்தியம் பிடித்தது ஐப்பசி மழையோடுதான். ஹெட்லைட்டைப் போட்டால் வைப்பர் தானாக அசையும். பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்க இண்டிகேட்டரும் மங்கலாகக் கண் சிமிட்டும். ஹாரன் அடித்தால் இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் எழுந்து நின்று வேடிக்கை பார்க்கும். சாவியைத் திருப்பினால் சில நேரம் கிளம்பும், சில நேரம் 'டிக்' என்று ஒரு சத்தம், அம்புட்டுத்தான்.

வேறு வீடாக இருந்தால் சிரித்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளியிருப்பார்கள். இந்த வீட்டில் நான் இருந்தேன். பட்டாளத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். பனியில் உறைந்து கிடந்த வண்டிகளையே கிளப்பியவனுக்கு ராஜபாளையத்து ஜீப் எம்மாத்திரம் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பை வேறு யாரும் என் மண்டையில் ஏற்றவில்லை. நானே ஏற்றிக்கொண்டதுதான்.

செண்பகத்தோப்பு அடிவாரத்து மாந்தோப்புக்குப் போய்வர வாங்கிய வண்டி அது. ஆனால் அப்போது அதன் முக்கியமான வேலை வேறு. மம்சாபுரத்தில் என் மாமியார் பக்கவாதத்தில் படுத்திருந்தார். மச்சினனும் அவன் மனைவியும் விடிந்ததும் மில்லுக்குப் போய்விடுவார்கள். தினமும் காலையில் நானும் என் மனைவியும் போவோம். மாமியாரைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பது என் வேலை. குளிப்பாட்டுவதும் சோறு ஊட்டுவதும் அவள் வேலை. கொஞ்ச நேரம் வெயிலில் இருந்த பிறகு மறுபடி தூக்கிக் கட்டிலில் விடுவேன். நாள் பூராவும் படுத்தே கிடந்தால் முதுகில் புண் வந்துவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஒருநாள் காலையில் கண்மாய்க்கரைப் பக்கம் ஜீப் 'டிக்' என்றது. பானெட்டைத் திறந்தேன். என் மனைவி செத்த நேரம் பார்த்தாள், பிறகு சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு இறங்கி ஷேர் ஆட்டோவை நிறுத்தி ஏறினாள். நானும் வருவேன் என்று ஆட்டோவில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். வண்டியை நடுரோட்டில் அநாதையாக விட முடியுமா என்று கேட்டேன். ஆட்டோ போய்விட்டது. மாமியார் அநாதையாக இருப்பாரே என்று அப்போது தோன்றவில்லை. என் புத்தி அப்படி.

அன்று முதல் அவள் டவுன் பஸ்ஸில் போனாள். நான் பானெட்டுக்குள் குடிபோனேன். பேட்டரியை மாற்றினேன். ஹெட்லைட் சுவிட்சை மாற்றினேன். ஃபியூஸ் ஒவ்வொன்றையும் உருவி, ஊதி, திரும்பச் சொருகினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் எலெக்ட்ரீஷியன் ஒருவர் வந்து பார்த்து ஒயரிங் மொத்தத்தையும் மாற்றச் சொன்னார். அது தெரியாதவர்கள் சொல்கிற வைத்தியம் என்று அவருக்கு ஒரு பாடம் நடத்தினேன். மனிதர் டீயைக்கூட முழுசாகக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்ட் சுவருக்கு மேலே தலையை நீட்டி, வண்டி இன்று என்ன கூத்து காட்டுகிறது என்று தினமும் கேட்பார். மழையில்லாத நாளில் வைப்பர் ஓடுவதைப் பார்க்க அவருக்கு அப்படியொரு சந்தோஷம். எனக்கு எரியும்.

ஒருநாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என் மனைவி வாசலில் நின்று கேட்டாள்:

"நீங்களும் பஸ்ல வாரீகளா? அம்மாவத் தூக்க ஒரு ஆள் வேணும். என்னால தனியா முடியல."

கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லேம்ப்பை வாயில் கவ்வியிருந்தேன். எடுத்துவிட்டுச் சொன்னேன்:

"இன்னைக்குக் கண்டுபிடிச்சிருவேன். பொறவு தெனமும் ஜீப்புலயே போலாம்."

அவள் தூக்கை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். மறுபடி கேட்கவும் இல்லை. அவள் கேட்காததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு உற்சாகமாக ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டேன். சாயங்காலம் வந்து இடுப்பில் தைலம் தேய்த்துக்கொள்வாள். வாசம் வரும். ஹாரன் ரிலேயில்தான் கோளாறு என்று அவளிடம் விளக்குவேன்.

கடைசியில் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்று சொல்வதே கொழுப்பு. ஹாரனை நேராகச் சோதிக்க பேட்டரியின் மைனஸிலிருந்து ஒரு தனி ஒயர் எடுத்திருந்தேன். ஹெட்லைட் எரிந்துகொண்டிருந்தது, வைப்பர் தன் பாட்டுக்கு அசைந்துகொண்டிருந்தது. கை வியர்த்து ஒயர் நழுவி, ஸ்பேனர் உரசிப் பெயிண்ட் போயிருந்த பாடித் தகரத்தில் விழுந்தது. வைப்பர் நின்றது. ஹெட்லைட் பளிச்சென்று எரிந்தது. ஒயரை எடுத்தேன், மறுபடி பைத்தியம். வைத்தேன், தெளிந்தது.

எர்த். பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் பட்டையான கம்பி இறுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினேன். அதன் அடியில் அழகாக, வழுவழுவென்று, சில்வர் பெயிண்ட். பெயிண்டைத் தாண்டிக் கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் கிடைத்த சந்திலெல்லாம் புகுந்து வைப்பரையும் இண்டிகேட்டரையும் ஆட்டியிருக்கிறது. பெயிண்ட் அடித்தவன் நான்தான். ஆயுத பூஜைக்கு எங்கள் ஊரில் எல்லாரும் வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். நான் பட்டாளத்துக்காரனாயிற்றே. இன்ஸ்பெக்‌ஷனுக்கு நிறுத்துவதுபோல பானெட்டுக்குள்ளும் பெயிண்ட் அடிப்பேன். இந்தத் தடவை போல்ட்டைச் சுற்றி அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்று அதையும் கழற்றி, அடியிலும் இரண்டு கோட்டு அடித்து, காய்ந்ததும் இறுக்கியிருந்தேன். பூஜையன்று அந்த போல்ட்டுக்கே தனியாக ஒரு குங்குமப் பொட்டு வேறு வைத்தேன்.

உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினேன். எல்லாம் சரியாகிவிட்டது.

மறுநாள் காலை ஜீப்பை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தேன். என் மனைவி வந்து ஏறினாள். என்ன கோளாறு என்று கேட்டாள். ஏதோ எர்த் லூஸ் என்றேன். மம்சாபுரம் திருப்பம் வந்தது. இடதுபக்க இண்டிகேட்டர் ஒழுங்காக அடித்தது. நான் மட்டும் ரசித்துக்கொண்டேன்.

மாமியார் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் நல்ல பக்கத்துக் கையை மெல்ல உயர்த்தினார். வாய் கொஞ்சம் கோணினாலும் பேச்சு தெளிவு.

"வடக்கேயிருந்து எப்ப வந்தீக மாப்ள? ஆஸ்பத்திரில கெடந்த ஒங்க பட்டாளத்துக் கூட்டாளிக்கு இப்ப ஒடம்பு எப்படி இருக்கு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் மனைவியைப் பார்த்தேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாளியில் வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தாள். கை மட்டும் ஒரு நொடி நின்றது. அப்போதுதான் விளங்கியது. நான் வராத நாளெல்லாம் அவள் தன் அம்மாவிடம் ஒரு கதை சொல்லியிருக்கிறாள். பட்டாளத்துக் கூட்டாளி ஒருவர் வடக்கே ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், இவர் துணைக்குப் போயிருக்கிறார் என்று.

"இப்பத் தேவல, அத்தை," என்றேன்.

"படுத்துக் கெடக்கவுகளுக்குப் பக்கத்துல ஆள் இருக்கணும் மாப்ள. எனக்குத் தெரியாதா? நீங்க போனதுதான் சரி. இங்க இவ பாத்துக்கிட்டா."

கண்ணில் தண்ணீர் முட்டியது. வெட்கம் பிடுங்கித் தின்றது. வேறென்ன செய்ய? குனிந்து, கழுத்துக்கடியில் ஒரு கையும் முழங்காலுக்கடியில் ஒரு கையும் கொடுத்துத் தூக்கினேன். என் கை பட்டதும் அவர் "ஸ்ஸ்" என்று பல்லைக் கடித்தார். முதுகில் புண் வந்திருந்தது.