தங்கைக்குப் போடாத அப்டேட்

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு உடன் வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் 'ஆறப்போடு'. எதைக் கேட்டாலும் முதலில் அவர் வாயில் வருவது அதுதான். மேலாளர் காரசாரமாக ஒரு கடிதம் அனுப்பினால், பதிலை ஆறப்போடு. புது மாதிரி மோட்டார் சந்தைக்கு வந்தால், வாங்குவதை ஆறப்போடு. இருபத்தெட்டு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர். வேலை முடிந்ததும் காலிப் பெட்டியைப் பத்துத் தடவை மேலும் கீழும் ஓடவிடுவார். பதினோராவது தடவை தான் மட்டும் ஏறிப் போய் வருவார். அதற்கப்புறம்தான் 'பழுது' என்று கதவில் தொங்கும் பலகையைக் கழற்றுவார். கையில் பையோடு காத்திருப்பவர்கள் என்ன முணுமுணுத்தாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அவர் கை வைத்த லிஃப்டில் இதுவரை ஒருத்தர்கூட நடுவில் மாட்டிக்கொண்டதில்லை. அந்தப் பெருமை அவருக்கு உண்டு, கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

இப்படிப்பட்ட மனிதர் கையில் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் மாட்டினால் என்ன பாடுபடும்?

திரையின் மூலையில் 'அப்டேட் வந்திருக்கிறது' என்று ஒரு சின்னக் கட்டம் எட்டிப் பார்த்தால் போதும். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அவர் கணக்கில் அப்டேட் மூன்று ரகம். ஒன்று, ஓட்டை அடைக்கிற ரகம். திருட்டுப்பயல்கள் உள்ளே நுழையாமல் இருக்க வருவது. போட்டே ஆக வேண்டும், ஆனால் பத்து நாள் கழித்து. இரண்டாவது, மினுக்குகிற ரகம். ஓரத்தில் இருந்த பட்டனை நடுவில் வைத்துவிட்டு ஊரைக் கூட்டுவது. அதை முடிந்த மட்டும் தள்ளிப்போட வேண்டும். மூன்றாவது, பிரிண்டர், ஸ்பீக்கர் மாதிரிச் சாமான்களுக்கென்று வருவது. அதன் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது. "பிரிண்டர் ஓடுதா? ஓடட்டும். எழுப்பாதே" என்பார்.

எது வந்தாலும் முதலில் சாப்பாட்டு மேஜை ஓரத்தில் கிடக்கும் பழைய லேப்டாப்பில் வெள்ளோட்டம். அது பத்து நாள் உயிரோடு இருந்தால் அவருடையதில் ஏறும். அதுவும் பிழைத்தால் மனைவியுடையதில்.

"கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் இப்படித்தான் பத்து நாள் ஓடவிட்டுப் பார்த்தீங்களா?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள். அவள் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். நாலு பேர் முன்னால்தான் கேட்பாள்.

"எட்டு மாசம்" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாலாவது கம்ப்யூட்டர் தங்கையுடையது. முன்னறையில் இருக்கிறது. அதன் திரை எப்போதும் அணைந்தே கிடக்கும். தங்கைக்கு இருபத்தோரு வயதில் பார்வை போய்விட்டது. அதற்கப்புறம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராகப் பதினாறு வருடம் இருந்தாள். போன வருடம் அங்கே இயந்திரமே பதில் சொல்லத் தொடங்கியதும் அவள் நாற்காலியை எடுத்துவிட்டார்கள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றுதான் அவளுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இருப்பது. அதற்கு அவள் வைத்த பெயர் 'வாயாடி'. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வாயாடியும் அவளும்தான். மூன்றாம் பேருக்கு எதுவும் கேட்காது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு அப்டேட் போட்டதில் வாயாடி ஊமையாகிவிட்டாள். சரிசெய்ய இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் தங்கை அந்த மேஜை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவரால் பார்க்க முடியவில்லை. மூன்றாம் நாள் அவர் செய்த முதல் வேலை, அந்தக் கம்ப்யூட்டருக்கு அப்டேட் வரும் வழி எல்லாவற்றையும் அடைத்ததுதான். பின்பு ஒவ்வொரு மாதமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, "எல்லாம் பார்த்தாச்சும்மா" என்று எழுந்துவிடுவார். அவளும் நம்பினாள். அண்ணன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

இந்த நிலையில்தான் தங்கைக்கு ஒரு வேலைக்கான அழைப்பு வந்தது. டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்ததைக் கேட்டு டைப் செய்து கொடுக்கும் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம். பதினாறு வருடம் டாக்டர்களின் அவசரக் குரலை மட்டுமே கேட்டவளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பரீட்சை. அதற்கு முன் கம்ப்யூட்டர் தகுதியாக இருக்கிறதா என்று அவர்களுடைய பக்கத்தில் சோதித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை மாலை சோதித்தாள். 'உங்கள் இயங்குதளம் மிகப் பழையது. தேர்வு எழுத இயலாது' என்று வந்தது.

அவர் வேலை முடிந்து செருப்பைக் கழற்றும்போதே கூப்பிட்டாள்.

"அண்ணா, மாசாமாசம் பார்த்தாச்சு, பார்த்தாச்சுன்னு சொன்னியே. என்ன பார்த்த?"

அவர் இரண்டாவது செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "பார்த்தேன்மா" என்றார். பிறகு, "பார்த்துட்டு போடலை" என்றார்.

"ஒண்ணுகூடவா?"

"அந்த ரெண்டு நாள் நீ உக்காந்திருந்தியே, அதுக்கப்புறம் கை வரலை."

"உக்காந்திருந்தது நான்தானே? பயப்படணுமா வேண்டாமான்னு நான்தானே முடிவு பண்ணணும்? ஒரு வார்த்தை கேட்டியா?"

சமையலறை வாசலில் நின்ற மனைவியை ஆதரவுக்காகப் பார்த்தார். "என்னைப் பார்க்காதீங்க. இதுல நான் அவ பக்கம்" என்றுவிட்டு அவள் உள்ளே போனாள். அன்று தங்கை அவரோடு சாப்பிட உட்காரவில்லை. அவருக்கும் சோறு இறங்கவில்லை.

மறுநாள் லீவு போட்டார். காலை ஏழு மணிக்கே முன்னறையில் ஆஜர். அடைத்து வைத்த வழியைத் திறந்ததும் மூன்று வருட அப்டேட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. அணைந்து கிடந்த திரையைப் போட்டு வைத்துக்கொண்டு சதவீதம் ஏறுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஆறு தடவை கம்ப்யூட்டர் தானாக அணைந்து எழுந்தது. மாலை நாலு மணிக்கு எல்லாம் முடிந்தது. தங்கை ஹெட்போனை மாட்டினாள். ஒரு விசையைத் தட்டினாள். இன்னொன்றைத் தட்டினாள்.

"சத்தமே இல்ல" என்றாள்.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மவுஸைப் பிடித்து அங்கே இங்கே என்று இழுத்தார். திரையில் திறந்த ஜன்னல்களை மூடி, மூடியவற்றைத் திறந்தார். 'எல்லாம் என்னால்தான்' என்று வாய்விட்டே புலம்பினார். கண் கலங்கிவிட்டது.

"அண்ணா, மவுஸை விடு. நான் தட்டுறேன், திரையில என்ன வருதுன்னு மட்டும் படி."

தட்டினாள். அவர் படித்தார். பதற்றத்தில் கீழே இருப்பதை முதலில் படித்தார். "மேலேருந்து, மேலேருந்து" என்று அதட்டினாள். எந்த விசை எங்கே கொண்டுபோகும் என்று அவள் விரலுக்குத் தெரிந்திருந்தது. அவருக்கு வாய்தான் வேலை.

"ஒலி வெளியீடு: திரை" என்று படித்தார்.

"திரையா? அதுல ஸ்பீக்கர் இருக்கா?"

"இல்லையேம்மா."

"அப்போ வாயாடி பேசிக்கிட்டுதான் இருக்கா. எல்லாம் அங்க போகுது."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. ஆளில்லாத மாடியில் போய் நின்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கும் லிஃப்ட் மாதிரி. அவள் ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு, அண்ணனுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைச் செருகினாள். கீழ் அம்புக்குறியை இரண்டு தட்டு, ஒரு என்டர். வாயாடி நிதானமாக, பாடம் நடத்துவது போல, "ஒலி வெளியீடு, ஸ்பீக்கர்" என்றாள். அவர் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார்.

தங்கை வேறு ஏதோ இரண்டு விசைகளைப் பிடித்துத் தட்டிக்கொண்டே போனாள். குரல் வேகமெடுத்தது. இன்னும் வேகமெடுத்தது. கடைசியில் வாணலியில் கடுகு பொரிகிற மாதிரிச் சடசடவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"ஐயோ, மறுபடியும் கெட்டுப்போச்சு!" என்று எழுந்துவிட்டார்.

அவள் முந்தைய நாளிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். "கெடலை அண்ணா. என் வேகமே இதுதான்."

அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. இந்தச் சடசடப்பைத்தான் இத்தனை வருடமாக ஹெட்போனுக்குள் கேட்டுக்கொண்டிருந்தாளா? இதையா நாம் பொத்திப் பொத்தி வைத்தோம், என்னவென்றே தெரியாமல்? அவருக்கு வெட்கமாக இருந்தது. என் தங்கை என்று தெருவில் நின்று கத்த வேண்டும் போலவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை பரீட்சை எழுதினாள். முடிவு இரண்டு வாரத்துக்குள் மின்னஞ்சலில் வரும் என்றார்கள்.

ஒன்பதாம் நாள், ஞாயிறு காலை, நாலு நாளாகக் காத்திருக்கும் ஒரு புது அப்டேட்டைப் பற்றி அவளே பேச்செடுத்தாள். அதுவும் ஒலி சம்பந்தப்பட்டது.

"நாலு நாளாப் போட்டவங்க என்ன சொல்றாங்கன்னு பார்த்தேன். என்னை மாதிரி ஆளுங்கதான். எல்லாருக்கும் ஓடுது. இப்பவே போடறேன்."

"ரிசல்ட் வர்ற நேரம்மா..."

"தெரியும். போடலாமா வேண்டாமான்னு உன்னைக் கேக்கலை. பக்கத்துல உக்காருன்னு கேக்குறேன்."

உட்கார்ந்தார். கை தானாகப் போய்விடக் கூடாது என்று இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். திரையை அவள் போடவே இல்லை. கம்ப்யூட்டர் அணைந்து, எழுந்து, நாலு நிமிடம் ஏதோ முனகியது. அவள் ஹெட்போனை மாட்டினாள். தட்டினாள். தலையை ஆட்டினாள், வந்துவிட்டது என்று. இன்னும் கொஞ்சம் தட்டினாள். திடீரென்று விரல்கள் நின்றன. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்னம்மா? சத்தம் போச்சா?"

அவள் ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரைச் செருகினாள். அந்த இரண்டு விசைகளைப் பிடித்துக்கொண்டு தட்டினாள், இந்தத் தடவை குறைப்பதற்கு. குரல் இறங்கியது. அவள் விடவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் இடைவெளி விழும்வரை குறைத்தாள்.

"தங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று வாயாடி நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

தங்கை அதை மூன்று வினாடியில் கேட்டு முடித்திருப்பாள். இது முழுக்க அவருக்காக.

"புரிஞ்சுதா அண்ணா? இன்னும் மெதுவா வைக்கட்டுமா?"

அவர் இன்னொரு தடவை படிக்கவிடு என்று அவள் கையில் தட்டினார்.