தலைப்பொங்கலும் காற்றுப்பையும்

தலைப்பொங்கலுக்குப் போகிற மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் ஒரே வேலைதான். போட்டதையெல்லாம் தின்ன வேண்டும். வில்லாபுரத்திலிருந்து திருவாதவூர்ப் பக்கம் போயிருந்த நான் அந்த வேலையை மனதாரச் செய்தேன். கறிக்குழம்பும் பணியாரமுமாக உள்ளே போனதில் சட்டைப் பொத்தான்கள் திணறிக்கொண்டிருந்தன.

வினை பெரிய மச்சான் உருவில் வந்தது. மனைவியின் அண்ணனான அவர் மதுரையில் லாரித் தார்ப்பாய்க் கடையில் வேலை பார்த்தார். வெள்ளைக்காரர்கள் ஏரியில் பெரிய காற்றுப்பையை மிதக்கவிட்டு விளையாடுவதைக் கேபிள் டிவியில் பார்த்துவிட்டு, தார்ப்பாயிலேயே ஒன்றை ஒட்டிக் காற்றடைத்துக் கண்மாயில் இறக்கியிருந்தார். பையின் ஒரு நுனியில் ஒருவர் உட்கார வேண்டும். மடைமேலிருந்து இன்னொருவர் மறுநுனியில் குதிப்பார். உட்கார்ந்தவர் ஆகாயத்துக்குப் போய்த் தண்ணீரில் விழுவார்.

"மாப்ளதான் மொதல்ல!" என்றார் மச்சான்.

எனக்கு நீச்சல் சுத்தமாகத் தெரியாது. கண்மாய்க்கரையிலேயே வளர்ந்த அந்த வீட்டில் அதைச் சொல்வதைவிட, தீராத வியாதி இருப்பதாகச் சொல்லிவிடலாம். பறக்கிறவன்தானே தண்ணீரில் விழுகிறான், குதிக்கிறவன் மெத்தையில் விழுவான் என்று கணக்குப் போட்டேன்.

"நான் குதிக்கிறேன் மச்சான். வேற யாராச்சும் பறக்கட்டும்" என்றேன், பெரிய தியாகி போல.

மாப்பிள்ளைக்கு எதிரே யாரோ ஒரு பொடியனை உட்காரவைப்பது மரியாதையில்லை என்று மாமனாருக்குத் தோன்றிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே போய் உட்கார்ந்தார். முருங்கைக்காய் தேகம்.

கண்ணை மூடிக்கொண்டு குதித்தேன். அவர் வீட்டுச் சாப்பாடு மொத்தமும் பையின் மேல் இறங்கியது. கண்ணைத் திறந்தால் மாமனாரைக் காணோம். "ஏ ஆத்தே!" என்ற குரல் மட்டும் என் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

பை ஆடிய ஆட்டத்தில் நானும் வழுக்கினேன். விளிம்புக் கயிற்றையும் அதில் சிக்கியிருந்த ஏதோ துணியையும் சேர்த்துப் பிடித்துக் குப்புறப் படுத்துவிட்டேன். பை நடுக்கண்மாய்க்கு நகர்ந்தது. கரையில் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், என் மனைவி எல்லாரையும்விடச் சத்தமாக. குட்டு வெளிப்பட்டுவிட்டது, இனி இந்த வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டால்கூடச் சிரிப்பார்கள் என்று நினைத்ததும் அழுகையே வந்துவிட்டது.

மாமனார் நீந்தி வந்தார். என் முகத்தையும் விறைத்துப்போன விரல்களையும் பார்த்தார்.

"மாப்ள, குதிச்சு நீந்தி வாங்க!" என்று மச்சான் கரையிலிருந்து கத்தினார்.

"டேய், பேசாம இரு! மாப்ளைக்குச் சளி பிடிச்சிருக்கு, தண்ணியில எறங்கப்படாது. நான் இழுத்துட்டு வாரேன்" என்றார் மாமனார்.

எனக்குச் சளியே இல்லை.

தெப்பத்தில் சாமியை இழுப்பது போல என்னைக் கரைப்பக்கம் இழுத்து வந்தவர், இடுப்பளவுத் தண்ணீரில் கழுத்துவரை மூழ்கக் குந்தி அப்படியே இருந்துவிட்டார். ஏன் என்று புரியாமல் விழித்தேன். அவர் பையோரமாக வந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்:

"அவசரமில்ல மாப்ள. பயம் தெளிஞ்சதும் கையில பிடிச்சிருக்க என் வேட்டியக் குடுங்க. பொம்பளைக பாக்குறாக."