தடிப்பு உண்டா?

மூக்கு டாக்டர் வாசலில் டோக்கன் கொடுக்கிறவள் முதலில் பழக வேண்டியது, வர்றவங்க மூக்கைப் பார்க்காமல் இருக்கிறதுக்குத்தான். அவங்க மூக்கைக் காட்டுவாங்க. நாம காதையும் தோள்பட்டையையும் பார்க்கணும். மதுரையிலிருந்து வாரத்துக்கு ஒரு நாள் போடிக்கு வருகிற எங்க டாக்டரம்மா அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்காங்க. காது குத்தின இடம், தடுப்பூசி போட்ட இடம், முன்னாடி ஆபரேசன் செஞ்ச இடம், இதில் எங்கயாவது தழும்பு மேடு தட்டி, காயத்தை விடப் பெருசா வளர்ந்திருந்தா, அந்த உடம்பில் அழகுக்காக மூக்கை அறுக்கிறதுக்கு முன்னால் ரொம்ப யோசிக்கணுமாம். மூக்கில் அப்படி வர்றது அபூர்வம்தான். வந்துட்டா நடு முகத்தில் உட்கார்ந்திருக்கும்.

அஞ்சாவது வரைக்கும் படிச்ச எனக்கு இதெல்லாம் புரிஞ்சிருச்சு. கேட்கத்தான் வாய் வரலை. என்னை மாதிரி, முகம் பார்த்துப் பேசக் கூசிக்கிட்டே நாலு பேரைக் கேள்வி கேட்கிற சோலியில் மாட்டினவங்களுக்கு என் கஷ்டம் தெரியும்.

இன்னொண்ணையும் சொல்லிடுறேன். நான் இந்த வேலைக்கு வந்ததே என் மூக்குக்காகத்தான். சின்னப் புள்ளையில் அம்மாகூட ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போறப்போ, வளைவில் டிரைவர் பிரேக்கை மிதிக்க, முன்கம்பியில் மோதி மூக்கு ஒரு பக்கமாச் சாஞ்சிருச்சு. அதுக்கு முன்னால் எடுத்த போட்டோ ஒண்ணும் இல்லை. எம் மகளுக்கு நேர் மூக்கு. உனக்கும் இப்படித்தான் இருந்துச்சுன்னு அம்மா சொல்லும். மத்தியானம் மக தூங்குறப்போ, என்னோட பழைய மூக்கைப் பார்க்கிறதுக்காகவே பக்கத்தில் படுத்திருப்பேன்.

சிலமலைக்காரம்மா

சிலமலையிலிருந்து ஒரு அம்மா மகளைக் கூட்டி வந்திருந்தாங்க. கல்யாணம் பேசியாச்சு. மாப்பிள்ளை வீட்டில் யாரோ, பொண்ணுக்கு மூக்கு கொஞ்சம் அகலம்னு சொல்லிட்டாங்களாம். தழும்பு தடிக்கிற உடம்பான்னு நான் கேட்கணும். கூட்டத்துக்கு முன்னால் அவ்வளவு நீளமா எனக்குப் பேச வராது. சுருக்கி, பொண்ணுக்குத் தடிப்பு உண்டான்னு கேட்டுட்டேன்.

எங்க பக்கம் தடிப்புன்னா திமிரு. நான் பதில் சொல்லாம நிக்கிறப்பெல்லாம் எங்க மாமியா 'தடிப்புக்காரி'ன்னுதான் என்னைச் சொல்லும். அது தெரிஞ்சும் வாயில் அந்த வார்த்தைதான் வந்துச்சு. பெஞ்சில் இருந்தவங்க எல்லாம் திரும்பினாங்க. நான் தோள்பட்டையைத் தொட்டுத் தொட்டு, ஊசித் தழும்பு, ஊசித் தழும்புன்னு சைகை காட்டுறேன். அந்த அம்மா பார்த்தால்தானே. பையை இடுக்கிக்கிட்டு எந்திரிச்சிட்டாங்க.

"எம் மக எதுத்து ஒரு வார்த்தை பேசாது தாயி. தடிப்பெல்லாம் சம்பந்தி வீட்டுலதான் இருக்கு, அங்க போய்க் கேளு."

சட்டைப் பொத்தான்

ஏலக்காய் யாவாரம் பார்க்கிற பாய் ஒருத்தர், மகனோட வந்தார். பையனுக்கு மூக்குத் தண்டில் ஒரு மேடு. அதை இழைச்சு எடுக்கணும். நெஞ்சில் பரு வந்து ஆறின தழும்பு ஏதாவது தடிச்சிருக்கான்னு ஆம்பளைகிட்ட எப்படிக் கேட்கிறது? சுவரைப் பார்த்துக்கிட்டு கேட்டேன். ஒண்ணும் இல்லைக்கான்னு சொல்லிட்டு அவன் கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கிட்டான். அதுவே எனக்குச் சந்தேகம். ஆனா, அவுத்துக் காட்டுங்கன்னு சொல்ல நாக்கு எந்திரிக்கலை.

உள்ளே டாக்டரம்மா பொத்தானை அவுக்கச் சொன்னாங்க. நெஞ்சு நடுவில் செவசெவன்னு ஒரு மேடு, நண்டு கால் விரிச்ச மாதிரி. இந்தத் தோலுக்கு நம்பிக்கை சொல்ல முடியாது, மூக்குக்கு உள்ளேயே கீறிப் பண்ண முடியுமான்னு யோசிச்சுத்தான் சொல்வேன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. வெளியே வந்த பாய் எங்களையெல்லாம் வச்சுக்கிட்டே மகனைக் கேட்டார்.

"வெடிச்ச காய் கலந்திருந்தா நான் சொல்லித்தானேடா விப்பேன், நீ எதுக்கு மூடி வச்சு விக்கப் பார்த்தே?"

தோட்டத்து அக்கா

மலைக்கு மேலே தோட்டத்தில் காய் எடுக்கிற அக்கா ஒருத்தவங்க, சந்தைக்கு இறங்கினவங்க அப்படியே வந்துட்டாங்க. மூக்குத்தி போட்ட இடத்தில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு சதை. அதை வெட்டி எடுத்துட்டு, மூக்கையும் கொஞ்சம் எடுப்பா ஆக்கித் தரணுமாம். ஏற்கெனவே வேற ஒரு ஆஸ்பத்திரியில் வெட்டி, அது முன்னை விடப் பெருசா முளைச்சிருக்கு. சும்மா வெட்டினா திரும்ப வளரும், முதலில் ஊசி போட்டுச் சுருக்கிப் பார்ப்போம்னு டாக்டரம்மா சொன்னாங்க.

அந்த அக்காவுக்கு வருத்தமே இல்லை. ஊசிக்கு என்னைக்கு வரணும்னு கேட்டுக்கிட்டு, ஜீப்புக்கு நேரமாச்சுன்னு கிளம்பினவங்க, வாசலில் என் மூக்கை ஒரு தடவை பார்த்துட்டுச் சொன்னாங்க.

"ஏலச்செடியில பழைய தண்டை அறுத்தா பக்கத்துல கூட்டமா முளைக்கும், அது நமக்கு லாபம். மூக்குல முளைச்சா யாருக்கு லாபம்? இருக்கிறது மதி."

மலைக்கு மேலே பேசுற மலையாளத்தில் மதின்னா போதும். எனக்கு மதின்னு தோணலை.

கைக்கண்ணாடி

வர்றவங்க மூக்கைப் பார்த்துக்கிறதுக்குன்னு டாக்டரம்மா மேசையில் ஒரு கைக்கண்ணாடி உண்டு. கூட்டம் போனதும் அதைத் துடைச்சு வைக்கிறது என் வேலை. துடைக்கிற சாக்கில் ஒரு விரலால் மூக்கை நேராத் தள்ளிப் பிடிச்சுப் பார்ப்பேன். விரல் இருக்கிற வரைக்கும் நான் எம் மக மாதிரியே இருப்பேன்.

அப்படி ஒரு நாள் நிக்கிறப்போ கை கழுவிட்டு டாக்டரம்மா வந்துட்டாங்க. திட்டலை. உட்காரச் சொல்லி மூக்கைத் தடவிப் பார்த்தாங்க. அப்புறம், நான் எல்லாரையும் கேட்கிற அதே கேள்வியை என்னைக் கேட்டாங்க. சேலைக்கு மேலேயே வயித்தைக் காட்டினேன். மகளை ஆபரேசன் பண்ணித்தான் எடுத்தாங்க. அந்தத் தழும்பு கயிறு மாதிரி திரண்டு, வேர்த்தா அரிச்சுக்கிட்டே இருக்கும். வயிறு வேற, மூக்கு வேறன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டுத்தான் இத்தனை நாளா டோக்கன் கொடுத்தேன்.

டாக்டரம்மா அதை அமுக்கிப் பார்த்தாங்க. உன் மூக்கு ரொம்பச் சாஞ்சிருக்கு, வெளியேயும் கீறணும், இந்தத் தோலை நம்பி இப்போ கத்தி வைக்க மாட்டேன். முதலில் இந்தத் தழும்பை ஊசி போட்டு அடக்குவோம், அடங்கி மறுபடி எந்திரிக்காம இருந்தா அப்போ பேசுவோம்னு சொன்னாங்க. சரிங்கம்மான்னு கண்ணாடியைத் துடைச்சுக் கவுத்து வச்சேன்.

வீட்டுக்கு வந்து, அவரைக்காய் நறுக்கிக்கிட்டிருந்த மாமியாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அதுகிட்ட நான் அவ்வளவு நேரம் பேசினது அன்னைக்குத்தான். அரிவாள்மணையைத் தள்ளி வச்சுட்டு முழுசாக் கேட்டுச்சு. தூங்கிக்கிட்டிருந்த எம் மக மூக்கையும் ஒரு பார்வை பார்த்துச்சு.

"தடிப்பு உனக்கு உண்டுன்னு வந்த நாள்லேருந்து நான் சொல்றேன், அதைக் கண்டுபிடிக்க மதுரையிலேருந்து ஒரு டாக்டர் வரணுமா? ஊசி போட என்னைக்குப் போகணும், புள்ளைய நான் பார்த்துக்கிறேன்."

வாயில் இல்லாத தடிப்பெல்லாம் எனக்கு வயித்துத் தழும்பில் வந்து சேர்ந்திருக்கு, அது அடங்குற வரைக்கும் என் மூக்கு, ஜீப்புப் போன பாதையைத் தேடுற மாதிரி, மலைப் பக்கமே சாஞ்சு பார்த்துக்கிட்டு இருக்கும்.