நகக்கண்ணில் நீலம்

நம்பினால் நம்புங்கள். நான் பொய் சொல்கிறவன் இல்லை, கோபக்காரன், அவ்வளவுதான். அன்றைக்கும் கோபம்தான் என்னைக் கெடுத்தது.

கென்யாவில், லைக்கிப்பியாவில் ஒரு தனியார் காப்புக்காடு. மழை பொய்த்தால் எங்கள் சம்புரு இனத்தாரின் மாடுகளை உள்ளே மேய விடுவார்கள். ஒரே நிபந்தனை, சிங்கத்தின் மேல் கை வைக்கக் கூடாது. வைத்தால் அறுநூறு மாடும் அன்றைக்கே வெளியே. வெளியே ஒரு புல் கிடையாது.

நான் அங்கே மேய்ப்பனாகச் சேர்ந்து பத்து நாள். அன்று சாயங்காலம் என் செவலைப் பசு நாடோவின் கன்றைச் சிங்கம் அடித்துவிட்டது. எனக்கென்று இருந்ததே அந்தப் பசுவும் கன்றும்தான். கூட்டாளி லெமார்த்தி, வாக்கி டாக்கிக்கு சார்ஜ் போட அலுவலகம் போயிருந்தான். பட்டியில் நான் மட்டும்.

ஒளித்து வைத்திருந்த பூச்சி மருந்தை எடுத்தேன். நீலத் தூள். முள்வேலிக்கு வெளியே கிடந்த கன்றின் மேல் கையாலேயே தடவினேன். வந்து தின்னட்டும், சனியன். கையை மண்ணில் தேய்த்துவிட்டு உள்ளே வந்தேன்.

மணி 6:50. பால் குடுக்கையின் மூடியை விரலால் துடைத்து, அதில் பால் ஊற்றிக் கீழே வைத்தேன்.

டக்... கவிழ்ந்தது.

காற்று இல்லை. என் கால்தான் பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

7:05. மறுபடி ஊற்றி, இரண்டு கல்லுக்கு நடுவே வைத்தேன்.

டக்...

7:20. விசில் சத்தம். இரண்டு நீளம், ஒரு குட்டை. படுத்திருந்த மாடுகள் எல்லாம் ஒன்றாக எழுந்தன. சிங்கம் வந்தால் மிரண்டு கத்தும். இவை கத்தவில்லை. பழகின ஆளைப் பார்ப்பது போல நின்றன.

"யாரு?"

டார்ச்சை எடுத்தேன்.

சரக்... சரக்... டயர் செருப்புச் சத்தம். டார்ச் அடித்தேன். யாரும் இல்லை. ஆனால் மாடுகளின் தலைகள் மெதுவாகத் திரும்பின...

என் பக்கமாக.

தொண்டை வறண்டது. குடுக்கையையே வாய்க்குத் தூக்கினேன்.

பிடுங்கி எறியப்பட்டது.

பிறகு வேலிக்கு வெளியே எதையோ இழுக்கும் சத்தம்... விடியும் வரை நான் அசையவில்லை.

காலை 5:50. லெமார்த்தி வந்தான். இருவரும் வெளியே போய்ப் பார்த்தோம். கன்றின் மேல் ஆள் உயரத்துக்கு முள் குவிந்திருந்தது. எந்த மிருகமும் வாய் வைக்க முடியாது. நடந்ததைச் சொன்னேன். கேலி செய்வான் என்று பார்த்தேன், செய்யவில்லை.

"அந்த விசில அடிச்சுக் காட்டுடா."

அடித்தேன். பட்டியில் மாடுகள் எழுந்தன. அவன் முகம் மாறிவிட்டது.

"உனக்கு முன்னாடி இதுங்கள மேய்ச்சவன் விசில்டா அது." பெயரைச் சொல்லவில்லை. செத்தவன் பெயரை நாங்கள் சொல்வதில்லை.

"பாம்பு கடிச்சவன்தானே?"

"ஆபீஸ்ல அப்படிச் சொல்லி வச்சோம். உண்மையச் சொன்னா மாட்ட வெளிய தள்ளிருவாங்க. அவனும் சிங்கத்துக்கு மருந்துதான்டா வச்சான். அதே கையோட வந்து பால் குடிச்சான்."

கையைப் பார்த்தேன். நகக்கண்ணில் இன்னும் நீலம் இருந்தது.