சனிக்கிழமைக் கதவு

ஈசாக்கு இறந்த செய்தியைக் கொண்டுவந்தவர் குப்பத்து மீனவர் எல்லய்யா. திருப்பாலைவனத்தில் நெல் விலை பேசிக்கொண்டிருந்தேன். மூச்சிரைக்க வந்து, "ஜுரம் ஏறிச்சு, விடியறதுக்குள்ள போயிட்டாரு. இன்னிக்கே அடக்கம் பண்ணணுமாம், கெளம்பு பாய்" என்றார். பேச்சைப் பாதியில் விட்டு வண்டியேறினேன். எங்களைப் போலவே அவருடைய ஆட்களும் இறந்தவரின் மையித்தைக் காக்கவைப்பதில்லை.

பழவேற்காட்டில் அவரை அறியாதவர் யார்? கொச்சியிலிருந்து பவளம் விற்க வந்து, ஒல்லாந்தர் கோட்டைக்கு எதிரே குடியேறிவிட்ட யூதர். படகு வைத்துப் பிழைக்கும் மரைக்காயனான எனக்கு அவரைச் சீண்டாமல் பொழுது போகாது. சனிக்கிழமையானால் பணப்பெட்டியைத் தொடமாட்டார், விளக்கேற்ற மாட்டார், படகில் கால் வைக்க மாட்டார். சாத்திய கதவு நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் திறக்கும்.

காரியத்தைத் தள்ளிப்போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அதற்கு மருந்தும் அவரே வைத்திருந்தார். கொச்சியில் அவருடைய குரு ஓதிக்கொடுத்த பாடங்கள். நல்ல காரியம் பிசைந்த மாவைப் போல, கைக்கு வந்தவுடன் செய்யாவிட்டால் புளித்துவிடும் என்பார். ஓய்வு கிடைக்கட்டும் என்று காத்திருப்பவனுக்கு ஓய்வே வராது என்பார். ஒழுகும் கூரைக்கடியில் உட்கார்ந்துகொண்டுதான் இதையெல்லாம் சொல்வார். "உம்ம கூரை புளிச்சி நாளாச்சு ஓய்" என்பேன். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

பிறகு அந்தப் பஞ்சம் வந்தது. தரகர்கள் கொட்டகை போட்டுக் கஞ்சி ஊற்றினார்கள். குடிக்கப் போனவர்களை உள்ளேயே அடைத்து, கடல் கடந்து கிழக்கே பத்தாவிக்குப் போகும் கப்பலில் அடிமைகளாக ஏற்றினார்கள். எல்லய்யா ஏரியில் வலை போட்டிருந்த நேரத்தில் அவர் மனைவி மங்கம்மா கஞ்சிக்குப் போனாள். திரும்பவில்லை. ஈடு கொடுத்தால் மீட்கலாம். கொடுக்கக்கூடியவர் ஈசாக்கு ஒருவர்தான்.

மறுநாள் சனிக்கிழமை. விடிந்ததும் எல்லய்யா அவர் வாசலுக்கு ஓடினார். தட்டப்போன கையைத் தெருவே பிடித்துக்கொண்டது. பெரிய மனிதரின் விரதத்தைக் கெடுக்காதே, பொழுது சாயட்டும் என்றார்கள். மரியாதைக்காகத்தான் சொன்னார்கள், பாவிகள். எல்லய்யா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். மதியமே கப்பல் பாய் விரித்துவிட்டது.

நட்சத்திரம் தெரிந்து கதவு திறந்தபோது நானும் ஊர் திரும்பியிருந்தேன். விஷயத்தைக் கேட்ட ஈசாக்கு அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"உயிர் போற காரியத்துக்குச் சனிக்கிழமை இல்லடா. எங்க வேதமே அதை விடச் சொல்லுது. தட்டியிருக்கலாமே."

"தட்டியிருக்கணும் ஐயா. தெரியாம பூட்ச்சி."

"நான் சொல்லியிருக்கணும். இத்தினி வருசமா, அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்."

அந்தக் குரலை என்னால் மறக்க முடியவில்லை. மறுநாள் விடிந்ததும் வீடு வீடாகப் போனார். சுண்ணாம்புக்குளம்வரை நடந்தார். ஆபத்தென்றால் எந்த நாளானாலும் தட்டுங்கள், திறக்காவிட்டால் உடையுங்கள் என்றார். செய்யலாமா கூடாதா என்று கேட்டு நிற்கும் நேரம்கூட ரத்தப்பழிதான், அடைபட்டவரை மீட்கத் தாமதிப்பதும் கொலைதான் என்று தங்கள் பெரியவர்கள் சொன்னதாகச் சொன்னார். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அந்தக் கதவுக்குத் தாழ் போடவே இல்லை.

அப்படி ஒரு சனிக்கிழமை, தாயும் பிள்ளையும் அடைபட்டிருப்பதாகச் செய்தி வந்தது. நான் போகிறேன், நீர் வீட்டிலிரும் என்றேன். இதை அடுத்தவர் தலையில் கட்டக்கூடாது என்று சொல்லிவிட்டு, எல்லய்யாவின் படகில் ஏறி உட்கார்ந்தார். இருவரையும் மீட்டுவந்தார். கரையில் எல்லோரும் வாழ்த்தினார்கள். எல்லய்யா படகைக் கட்டிக்கொண்டிருந்தார்.

மங்கம்மா வரவேயில்லை. கிழக்கேயிருந்து எந்தக் கப்பல் வந்தாலும் ஈசாக்கு போய் விசாரிப்பார். எல்லய்யா எதுவும் கேட்க மாட்டார். இவராகவே குடிசைக்குப் போய், இல்லை என்று சொல்லிவிட்டு வருவார்.

ஈசாக்கு போன பின் அவருடைய பவளமும் பெட்டியும் கொச்சிக்குப் போய்விட்டன. விசாரிக்கிற வேலையை நான் வைத்துக்கொண்டேன். நேற்று ஒரு கப்பல் நங்கூரமிட்டது. ஏறிக் கேட்டேன். அப்படி யாரையும் தெரியாது என்றார்கள். கரையிறங்கிய கால் வீட்டுப் பக்கம்தான் இழுத்தது, நாளைக்குச் சொல்லலாமே என்று. குப்பத்துக்கு நடந்தேன். எல்லய்யா வலையிலிருந்து தலை நிமிர்த்தினார். இல்லை என்று சொன்னேன்.