எலி வழி அடைத்தவள்

ரிச்சர்ட்ஸ் டவுனின் பெரிய பங்களாக்கள் முடிந்து சந்துகள் தொடங்கும் இடத்தில் எங்கள் வீடு. தனி வீடு இல்லை. ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வரிசையாக மூன்று வீடுகள், முன்னால் பொது முற்றம், பின்னால் சாக்கடை. என் வீட்டுக்காரர் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். நான் நடு வீட்டில் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறேன். இந்தப் பக்கம் கல்யாண ரவிக்கை என்றால் என்னைத் தேடித்தான் வருவார்கள். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

மூன்று வீட்டிலும் எலி உண்டு. வீட்டுக்கு வீடு வைத்தியம்தான் வேறு. இடப்பக்கத்து ஆட்டோக்காரர் கூண்டு வைப்பார். மாட்டிய எலியை ஆட்டோவிலேயே ஏற்றிக்கொண்டு போய் எங்காவது விட்டுவிட்டு வருவார். அவர் மனைவியை நாங்கள் பெரியக்கா என்போம். பெரியக்காவோ, எலி பிள்ளையாரின் வாகனம் என்று சொல்லிச் சாக்கடை ஓரத்தில் தினமும் ஒரு பிடி சோறு வைப்பார். வலப்பக்கத்தில் சேலத்திலிருந்து வந்த இளம் ஜோடி. அந்தப் பெண்ணுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. எலி அவள் லேப்டாப் சார்ஜர் ஒயரைக் கடித்ததும் பசை அட்டை வாங்கி வைத்தாள். ஒட்டிக்கொண்ட எலி கத்திய கத்தலில் அவளும் சேர்ந்து அழுதாள். அட்டை அத்தோடு குப்பைக்குப் போனது. நான் ஒருமுறை மருந்து வைத்தேன். அதைத் தின்ற எலி சுவருக்குள் எங்கேயோ போய்ச் செத்தது. நாற்றம் போகும்வரை என் வாடிக்கைக்காரிகள் வாசலிலேயே நின்று அளவு கொடுத்தார்கள்.

அப்படியே காலம் ஓடியிருக்கும். ஒரு கல்யாண ரவிக்கை எல்லாவற்றையும் மாற்றியது.

பக்கத்துத் தெருப் பெண்ணின் முகூர்த்த ரவிக்கை அது. அரக்கு நிறப் பட்டு, கையில் அகலச் சரிகைக் கரை. கொக்கி வைப்பது மட்டும் பாக்கி. காலையில் வைக்கலாம் என்று துணிப்பையில் போட்டு அலமாரியில் வைத்திருந்தேன். காலையில் எடுத்தால் பையில் ஓட்டை. உதறினேன். இடது கையின் கரை, மாவாட்டும்போது சிந்துகிற அரிசி மாதிரி துகள் துகளாகக் கீழே கொட்டியது.

என் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "எலின்னு சொல்லாத. அயர்ன் பண்ணும்போது கருகிடுச்சுன்னு சொல்லிடு."

"கருகிச்சுன்னா என் கை தப்புன்னு ஆவும். என் கை தப்பு செய்யல. எலி கடிச்சதுன்னே சொல்றேன்."

கடித்த ரவிக்கையை எடுத்துக்கொண்டு பெண் வீட்டுக்குப் போனேன். அங்கே உறவுக்காரர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அம்மாவைத் தனியே கூப்பிட்டு ரவிக்கையை விரித்துக் காட்டினேன். அந்த அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"நாளான்னிக்கு முகூர்த்தம்மா. இதோட மேட்சா நான் எங்க போய்த் துணி தேடுவேன்?"

"தேட வேணாங்கம்மா. புடவையில இடுப்புல சொருகற முனை இருக்கில்ல, அதுல ஒரு முழம் குடுங்க. அதே பட்டு, அதே கரை. ரெண்டு கையும் புதுசா வச்சுத் தரேன்."

"முகூர்த்தப் புடவையில கத்திரி வக்கறதா? வாயில வக்காத அந்தப் பேச்ச."

கல்யாணப் பெண் மருதாணிக் கையோடு கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய், இரண்டு முழங்கைகளாலும் புடவைப் பெட்டியை அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"உள்ள சொருகிட்டா யாருக்கும்மா தெரியப்போவுது? அக்கா மறச்சிருக்கலாம், மறைக்கல. வெட்டுங்கக்கா."

அவள் முன்னாலேயே வெட்டினேன். மறுநாள் மாலைக்குள் இரண்டு கைகளையும் பிரித்து, கரையை மடித்து வைத்துச் சின்னப் பஃப் கை ஆக்கினேன். முகூர்த்தத்தன்று மேடைக்கு அருகில் இரண்டு பெண்கள் அந்தக் கையைக் காட்டி, யார் தைத்தது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைய சாப்பாட்டின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

ஆனால் அதற்கு அடுத்த காலையில் மிஷின் முன் உட்கார்ந்தபோது எனக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. இந்த முறை கரையோடு போயிற்று. அடுத்த முறை முதுகைக் கடித்தால் என்ன செய்வேன்? ஆட்டோக்காரர் விடும் எலி திரும்பி வருகிறது. நான் கொல்லும் எலிக்குப் பதில் வேறொன்று வருகிறது. வருகிற வழி திறந்திருக்கிறதே, வராமல் என்ன செய்யும்?

முதலில் பெரியக்காவிடம் போனேன்.

"எலி வர்ற வழியெல்லாம் அடைக்கணும்க்கா. மூணு வீடும் ஒரே நாள்ல. ஒரு வீடு விட்டாலும் பிரயோஜனம் இல்ல."

"பிள்ளையாரு வாகனம்மா அது. பாவம் சுத்திக்கும்."

"வாகனத்த வெளிய நிறுத்தட்டும்க்கா. நம்ம வீட்டுல பார்க்கிங் இல்ல."

பெரியக்கா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சேலத்துப் பெண்ணைச் சம்மதிக்க வைக்க வேண்டியிருக்கவில்லை. "எந்த ஞாயித்துக்கெழமைங்க்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த ஞாயிறு என் வீட்டுக்காரருக்கு ஓவர்டைம் வந்துவிட்டது. ஆட்டோக்காரர் ஒரு மூட்டை சிமெண்டும் மணலும் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஏர்போர்ட் சவாரி என்று போய்விட்டார். சேலத்துப் பெண்ணின் கணவர் ஊருக்குப் போயிருந்தார். ஆக, நாங்கள் மூன்று பெண்கள்தான். கட்டில், பீரோ, கேஸ் சிலிண்டர், என் மிஷின் எல்லாம் முற்றத்துக்கு வந்தன. மூன்று குடும்பத்துச் சாமான்களும் வெயிலில் கலந்து கிடந்ததைப் பார்த்தால், யாருடையது எது என்று எங்களுக்கே குழப்பமாக இருந்தது.

வழிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. தண்ணீர்க் குழாய் நுழைகிற இடத்தில் விரல் இரண்டு போகிற சந்து. குளியலறையில் மூடி இல்லாத ஜலதாரை. கதவுக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி. எனக்கும் பெரியக்காவுக்கும் பொதுவான சுவரின் மேலே, கூரைத் தகடு உட்காருகிற இடத்தில் பெரிய பொந்து. சேலத்துப் பெண் ஸ்டூல் மேல் ஏறி மொபைல் வெளிச்சத்தைக் காட்டினாள். உள்ளே ஒரு கூடு.

வெளியே இழுத்தோம். என் தையல் வெட்டுத் துணி: மஞ்சள், பச்சை, அந்த அரக்குப் பட்டின் சரிகையும்கூட. பெரியக்கா வீட்டு மெத்தைப் பஞ்சு. அவர் சாமிப் படத்துக்குப் போட்ட பிளாஸ்டிக் மாலை. சேலத்துப் பெண்ணின் சார்ஜர் ஒயர்த் தோல். மூன்று வீட்டிலிருந்தும் எடுத்து அவ்வளவு நேர்த்தியாகப் பின்னியிருந்தது. குஞ்சுகள் எப்போதோ வளர்ந்து போயிருக்க வேண்டும், கூடு காலியாக இருந்தது. பெரியக்கா பிளாஸ்டிக் மாலையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"என் சோத்தத் தின்னுட்டு சாமி மாலையையும் எடுத்துக்கினு போயிருக்கு பாரு," என்றார். பிறகு புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டார். "சிமெண்ட எங்க கலக்கணும்?"

நான்தான் கலக்கினேன். என் அப்பா கொத்தனார் இல்லை, எனக்கு யாரும் கற்றுத் தரவும் இல்லை. முதல் கலவை தண்ணீராக ஓடியது. இரண்டாவது கையில் நின்றது. பொந்துக்குள் பழைய ஸ்டீல் ஸ்கிரப்பரைத் திணித்து, உடைந்த பாட்டில் கண்ணாடியைச் செருகி, மேலே பூசினேன். ஓரங்களை ரவிக்கைக் கழுத்து மடிப்பதுபோல விரலால் அழுத்தி வழித்தேன். சேலத்துப் பெண் ஜலதாரைக்குக் கம்பி வலை வைத்து ஒயரால் கட்டினாள். பெரியக்கா கதவடிக்குத் தகரம் அடித்தார். ஓர் ஆணி மட்டும்தான் கோணியது.

மதியம் வீட்டு ஓனர் வந்தார். யாரோ போன் செய்திருக்கிறார்கள். வாசலிலேயே கன்னடமும் தமிழுமாகக் குரல் உயர்ந்தது.

"ஏனம்மா இது? யார கேட்டு என் செவுத்துல கை வச்சீங்க?"

"எலி யாரையும் கேக்காம வருது சார். அதான் நாங்களும் கேக்கல," என்றேன்.

உள்ளே வந்து பொந்து இருந்த இடத்தைப் பார்த்தார். விரலால் தட்டினார்.

"மேஸ்திரி யாரு?"

"நான்தான் சார்."

என் முகத்தையும் சிமெண்ட் காய்ந்த கையையும் மாறி மாறிப் பார்த்தார். "சென்னாகிதே," என்றார். நன்றாக இருக்கிறது என்று அந்த மனிதர் வாயிலிருந்து நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. பின்பக்கச் சாக்கடைக்குக் கல் பலகை போட்டு மூடித் தருவதாகவும் சொன்னார். அந்த மாதமே போட்டும் கொடுத்தார்.

மழைக்காலம் வந்தது. சாக்கடை நிரம்பி எலிகள் மேட்டுக்கு ஏறுகிற காலம். கூரைமேல் ஓடுகிற சத்தம் கேட்டது, சுவருக்கு வெளியே பிறாண்டுகிற சத்தமும் கேட்டது. உள்ளே ஒன்றும் வரவில்லை. அலமாரியில் தைத்த ரவிக்கைகளைப் பையில் போடாமல் திறந்தபடி அடுக்கி வைத்தேன். வேண்டுமென்றேதான் வைத்தேன்.

அதன் பிறகு ஒரு நாள் பின் சந்திலிருந்து ஒரு பெண் வந்து கூப்பிட்டாள். "அக்கா, எங்க வீட்டுப் பக்கமும் ஒரு தடவ வந்து பாருங்களேன்." போனேன். அங்கே நாலைந்து ஆண்கள் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். இதற்கெல்லாம் ஆள் வைக்க வேண்டும் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வளையல்களைக் கழற்றி அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, ஒரு பக்கெட் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.