உள்ளிருந்து குத்தும் கைகள்

போச்சம்பள்ளி தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் பைகள் செய்யும் கம்பெனியில் தரம் பார்ப்பது என் வேலை. உருகிய பிளாஸ்டிக்கைக் காற்றால் ஊத, அது குமிழாகி இரண்டு மாடி உயரத்துக்கு எழுந்து நிற்கும். பக்கத்தில் போனால் யாரோ வந்ததை உணர்ந்ததுபோல் லேசாக அசையும். இத்தனை வருஷமாகியும் அதற்கு முதுகைக் காட்டி நிற்க எனக்கு மனம் வந்ததில்லை.

மத்தூரில் புளி மண்டி வைத்திருக்கும் பாய் எங்களிடம்தான் பை வாங்குவார். கருநீலப் பை. போன வருஷம் வாய் ஒட்டிக்கொண்டு பிரியவே இல்லை என்று குறைபட்டார். அதனால் இந்த வருஷம் ஃபில்லரைக் கூட்டினார்கள். சுண்ணாம்புக்கல்லை மாவாக அரைத்துப் பிளாஸ்டிக்கோடு கலப்பதைத்தான் ஃபில்லர் என்போம். கலந்தால் பை விறைப்பாகும், ஒட்டாது, வாய் சட்டென்று திறக்கும். ஆனால் இழுத்தால் அவ்வளவாக நெகிழாது. இழுபட்ட இடத்தில் பிளாஸ்டிக், அந்தச் சுண்ணாம்புத் தூளை விட்டு விலகும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழும். எல்லாம் சேர்ந்து வெள்ளைத் தழும்பாகத் தெரியும். பழைய பையை எவ்வளவு குத்தினாலும் மறந்துவிடும். இது மறக்காது.

சித்திரை வெயிலில் பாய் போன் செய்தார். "மேடம், கொஞ்சம் வந்துட்டுப் போங்க. பொம்பளைங்க குடோனுக்குள்ளார போவ மாட்டேங்கறாங்க."

உச்சிப் பொழுதில் போய் நின்றேன். கதவு திறந்ததும் புளி வாடை முகத்தில் அடித்தது. அடுக்கிய பைகள் இருட்டோடு இருட்டாக இருந்தன. கண் பழகியபோதுதான் பார்த்தேன்: பைக்குப் பை, வெள்ளையாக, மூடிய கைகளின் தடம். விரல் கணுக்கள் வரிசையாக. எல்லாம் உள்ளேயிருந்து வெளியே குத்தியவை.

"சேதுலு, சேதுலு" என்றாள், வாசலிலேயே நின்ற பெண்களில் ஒருத்தி, தெலுங்கில். கைகள், கைகள்.

"அடுக்கும்போது இவ்ளோ இல்லீங்க," என்றார் பாய். "நாளுக்கு நாள் வெளிய வருது."

மேல் பைகளின் பாரம் தழும்புகளை இன்னும் இழுத்திருக்கும். தெரிந்தும் என் கழுத்து சிலிர்த்தது.

பை கட்டும் அக்கா மட்டும் என் பின்னால் வந்தாள்.

"இதெல்லாம் உங்க கைதானேக்கா?"

"எங்க கைதான். மூலையில காத்து நிக்கக் கூடாதுன்னு கைய மூடிக்கிட்டு குத்துவோம். வருசா வருசம் குத்தறதுதான். எந்தப் பையாச்சும் இப்பிடித் திருப்பிக் காட்டுச்சா? எங்க வீட்டுக்காரரக் குத்தினாக்கூட இவ்ளோ தடம் விழாது மேடம்."

வாசலில் சிரிப்பு எழுந்தது. உள்ளே யாரும் வரவில்லை.

ஒரு தழும்பில் விரலை வைத்தேன். பிசுபிசுத்தது. வெளுத்த இடம் வழியே பை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"பாய், இது வழியா ஈரக் காத்து உள்ள போகும். மழைக்கு முன்னாடி புளியெல்லாம் வேற பைக்கு மாத்திடணும்."

"வருசத்துப் புளி மேடம். கசிஞ்சு கறுத்துட்டா எவன் தொடுவான்?" அவர் வெளியே போய் வானத்தைப் பார்த்தார்.

நான் கம்பெனிக்குப் பேசினேன். மறுநாள் காலையில் ஃபில்லர் கலக்காத பைகள் வண்டியில் வந்து இறங்கின. மேகமும் கூடவே வந்தது. ஆனால் மாற்ற வேண்டியவர்கள் வாசலைத் தாண்டவில்லை.

அக்கா ஒரு பையின் முன்னால் போய், கையை மூடித் தழும்பின்மேல் வைத்தாள். பொருந்தியது.

"வாங்கடி. இது என்னுது. உங்களுது எதுன்னு வந்து தேடுங்க."

ஒவ்வொருத்தியாக வந்தார்கள். அவரவர் கைத்தடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அந்தப் பையை அவிழ்த்துப் புளியை மாற்றினார்கள். குத்தாமல், உள்ளங்கையால் அமுக்கி.

கடைசிப் பையைக் கட்டும்போது மழைக்காற்று வந்துவிட்டது. புளி தப்பித்தது. பாய் தலைக்குல்லாயைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

வெளியே எறிந்திருந்த காலிப் பைகளுக்குள் காற்று புகுந்தது. ஒவ்வொன்றாக உப்பி எழுந்தன. உள்ளே ஒன்றுமில்லை, ஆனாலும் அத்தனை வெள்ளைக் கைகளும் எங்களைப் பார்த்துக் குத்தின.

அக்கா தன் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.